ஒற்றைச் சுருதி

கிருஷ்ணாபுரம் தாண்டும்வரை தங்கபுஷ்பம் கைப்பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை. உள்ளே அந்தக் கருவி இருந்தது, சின்ன டார்ச் லைட் மாதிரி, அவளுடைய உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுவென்று. கண்டக்டர் முன்படியிலிருந்து ஒவ்வொரு இருக்கையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் வந்து நிற்கும்போது அதை எடுத்து, தாடைக்குக் கீழே இடப்பக்கம் சதை மெத்தென்று இருக்கும் அந்த ஓரிடத்தில் அழுத்தி, பொத்தானை அமுக்கி, உதட்டை அசைத்து, உடன்குடி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் பெண்பிள்ளைகள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள், மைக் இல்லாமல் மைதானத்தின் இந்த மூலையில் நின்று அந்த மூலையில் நிற்பவளை ‘ஏளா மூணாவது வரிசை, முட்டிய மடக்காத’ என்று விரட்டியவள், ஓர் ஊர்ப்பெயரைச் சொல்வதற்கு மனசுக்குள் இத்தனை தடவை ஒத்திகை பார்க்கிறாள். செல்லில் டைப் பண்ணிக் காட்டுங்கம்மா, யாருக்கும் சங்கடம் இருக்காது என்று மகன் ரூபன் சொல்லியிருந்தான். யாருக்கும் என்றால் யாருக்கு? அவளுக்கா, கண்டக்டருக்கா, பக்கத்தில் பூக்கூடையை மடியில் வைத்திருக்கும் இந்த அம்மாவுக்கா, இல்லை ரூபனுக்கா? அந்த ஒரு வார்த்தை செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி இரண்டு மாதமாக அவளை உறுத்திக்கொண்டிருந்தது. கண்டக்டர் வந்துவிட்டார். அவள் அழுத்தினாள். “உடன்குடி.” சத்தம் வந்தது. மாவு மில்லில் பெல்ட் ஓடுகிற சத்தம் மனுஷ வார்த்தையைப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி, ஏறாமல் இறங்காமல், தட்டையாக. முன்னிருக்கையில் மூன்று தலைகள் திரும்பின. கண்டக்டர் அவள் மடியைப் பார்த்தார், பிறகு அவள் காதைப் பார்த்தார். “போன்ல யாரும்மா பேசுறாங்க?” அவள் மறுபடி அழுத்தினாள். “நான்தான்.” அவர் கை டிக்கெட் மெஷின் மேல் அப்படியே நின்றது. பூக்கூடைக்காரி முந்திக்கொண்டாள். “பாவம், அவியளுக்குப் பேச வராது போல. உடன்குடிங்காவ. குடுங்க.” தங்கபுஷ்பம் அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து சொன்னாள், “பேச வரும்.” கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் கருவிக்குக் கோபம் தெரியாது. நேரம் என்ன என்று கேட்டாலும் நாசமாய்ப் போ என்று வைதாலும் அதற்கு ஒரே சுருதிதான்.

செய்துங்கநல்லூருக்குப் பிறகு இரண்டு பக்கமும் வாழை. காற்றில் இலை கிழிந்து கிழிந்து தொங்கியது, ஆனாலும் பச்சை. ஜன்னலைச் சாத்தத்தான் வேண்டும், காற்று முகத்தில் அடித்தால் பரவாயில்லை, அவளுக்கு மூச்சு முகத்தில் இல்லை. கழுத்துக்குழியில், சங்கிலி விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஐம்பது காசு அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்கு மேல் மெல்லிய துணி, நாடாவைப் பின்கழுத்தில் முடிந்திருந்தாள். குரல்பெட்டியை மொத்தமாக எடுத்துவிட்டு மூச்சுக்குழாயை அங்கே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். இனிமேல் மூக்கு முகத்துக்கு அழகு, வாய் சோற்றுக்கு வழி, மூச்சு இந்த வழியாகத்தான். குளிக்கும்போது தண்ணீர் போகக்கூடாது, தூசி போகக்கூடாது, ஈ போகக்கூடாது. டாக்டர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனபோது அவள் மனசு ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நின்றது, அப்படியென்றால் விசில் ஊத முடியாது. ஊத வேண்டிய காற்று வாய்க்கே வராது. உயிர் போகும் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டாள். பிறகு வீட்டுக்கு வந்ததும் ஆள் ஆளாக வந்தார்கள். கத்திக் கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கிட்டீங்களே டீச்சர் என்றாள் எதிர்வீட்டுக்காரி. கத்துவதற்கும் இந்தப் புற்றுநோய்க்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதை அவள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். எதிர்வீட்டுக்காரி படித்துவிட்டு, ஆனாலும் என்றாள். அந்த ஆனாலும்! கோயிலிலிருந்து வந்த பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். கர்த்தர் உங்களுக்கு அமைதியைக் கொடுத்திருக்கிறார் என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். யாருக்கு வேண்டும் அமைதி? நான் கேட்டேனா? செத்துப்போன புருஷன்காரன் இருந்தால் நல்லது என்றுதான் நினைத்திருப்பான். பொம்பள சத்தம் வாசலோட நிக்கணும் என்று சொல்லிச் சொல்லியே போய்ச்சேர்ந்தவன். ஆக இவர்கள் எல்லோருக்கும் ஒரு கணக்கு நேராகிவிட்டது, சத்தம் போட்டவளுக்குச் சத்தம் போனது. தங்கபுஷ்பம் துணிக்கு மேல் விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு சூடாக விரலில் பட்டது. அந்தக் கணக்கை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், என்ன ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று உள்ளே சொன்னாள். உள்ளே மட்டும் பழைய குரல் அப்படியே இருந்தது, மைதானம் முழுக்கக் கேட்கிற குரல், ஏளா என்று இழுத்தால் எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்புகிற குரல்.

பைக்குள் செல் அதிர்ந்தது. ரூபனாக இருக்கும். அவன் ஆபீஸ் போனதும் கிளம்பிவிட்டு, ‘சொர்ணம் வீட்டுக்குப் போகிறேன்’ என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள், இப்போதுதான் பார்த்திருப்பான். போக வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தான், ஆடிக் காத்தும்மா, தேரியில மண்ணு அள்ளி வீசும், உங்களுக்குச் செம்மண் தூசி விஷம்மா. அவன் சொன்னதில் பொய்யில்லை. நாசரேத் நெருங்கியதும் வயலும் வாழையும் போன இடம் தெரியவில்லை. மண் சிவந்துகொண்டே வந்தது. முதலில் செங்கல் நிறம், பிறகு ஆறாத புண்ணின் நிறம். பனைகள், குடைபிடித்த உடைமரங்கள், தரையோடு படர்ந்த கொல்லாமர முந்திரித் தோப்புகள். சாலையின் ஓரத்தில் தார் தெரியாமல் மணல் ஏறியிருந்தது. கடல் இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கிறது, ஆனால் கடல் தன் வேலையை இங்கேயும் செய்துகொண்டிருந்தது, காற்றை அனுப்பி அனுப்பி மேட்டைக் கலைத்து வேறு இடத்தில் கூட்டிக்கொண்டிருந்தது. செத்தாலும் பரவாயில்லை என்று நினைத்து வந்தோமா? இல்லை. சாகிறதற்கு அவள் வரவில்லை. சொர்ணத்தைக் கேட்க வந்திருக்கிறாள். பயிற்சிக் கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே வாளி, ஒரே சோப்பு. பிறகு வேலை வேறு வேறு பள்ளியில் என்றாலும் வருஷா வருஷம் மண்டல விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்தைக் கிளப்பிவிடுவது இவள், முடிவுக்கோட்டில் ஸ்டாப்வாட்சோடு நிற்பது அவள். நூறு மீட்டர் தள்ளி நிற்கிறவளுக்கு இவள் குரல் போனால்தான் அவள் பொத்தானை அமுக்குவாள். துப்பாக்கிச் சத்தத்தைவிட உன் சத்தந்தான் எனக்குக் கணக்கு என்பாள். அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வாட்ஸ்அப்பில் கும்பிட்ட கை ஒன்று வந்தது. சரி, முட்டுவலி, சர்க்கரை, தூரம் என்று தங்கபுஷ்பமே அவளுக்காகச் சாக்குகளை அடுக்கிக்கொண்டாள். கருவியைப் பழகிப் பழகி, கண்ணாடி முன்னால் நின்று வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிப் பார்த்து, முதல் போன் அவளுக்குத்தான் போட்டாள். “சொர்ணம், நான் புஷ்பம் பேசுதேன்.” அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு கட் ஆகிவிட்டது. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. சிக்னல் இல்லாத ஊர் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. மிக்ஸி சத்தம் கேட்கிறது, மூச்சு கேட்கிறது, ஆனால் சிக்னல் இல்லாத ஊர்! இதை எத்தனை ராத்திரி புரட்டிப் புரட்டிப் பார்த்திருப்பாள். போனில் கட் பண்ணலாம். வாசலில் வந்து நிற்கிற ஆளை என்ன பண்ணுவாள்? கதவைச் சாத்துவாளா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

உடன்குடியில் இறங்கி, சொர்ணத்தின் ஊரான வட்டவிளை போகிற மினி பஸ்ஸுக்கு நின்றபோது, மண்டியில் கருப்பட்டி ஓலைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மணமே இல்லாத உடன்குடி. மூக்கு வழியாகக் காற்று போகாத ஆளுக்கு மணம் ஏது? ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் ஒரு வித்தை சொல்லித்தந்திருந்தாள், வாயை மூடிக்கொண்டே கொட்டாவி விடுகிற மாதிரி தாடையைக் கீழே இறக்கினால் கொஞ்சம் காற்று மூக்குக்குள் ஏறும். தங்கபுஷ்பம் தெருவில் நின்று மூடிய வாயோடு கொட்டாவி விட்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை. டீக்கடையில் நின்றவர் தூக்கம் வருகிறதாக்கும் என்று பார்த்தார். மூன்றாவது தடவை ஒரு நூலிழை வந்தது, புகையும் இனிப்பும் கலந்த அந்த வாடை, வந்ததும் போய்விட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சத்தம் வராது, கழுத்துத் துணிதான் படபடக்கும். ஆனால் வந்தது வந்ததுதான், யாரும் கொடுத்ததில்லை, அவளே இழுத்து எடுத்தது. மினி பஸ்ஸில் டிரைவர் அவளைக் கேட்கவே இல்லை. “வட்டவிளை” என்று அவளாகவே சொன்னாள், தேவையில்லாமல், எல்லோரும் திரும்பிப் பார்க்கட்டும் என்று. திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவ்வளவுதானே? இதற்கா பயந்தோம்? ஆனால் வட்டவிளை நெருங்க நெருங்க வேறொரு கேள்வி முன்னால் வந்து நின்றது. ஊர்ச்சனம் திரும்பிக்கொள்வது வேறு. ஒரே வாளியில் குளித்தவள் திரும்பிக்கொண்டால்? அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம், ரூபனிடம் காற்று அதிகம் என்று சொல்லிக்கொள்ளலாம், யாருக்கும் சங்கடம் இருக்காது. யாருக்கும்! அந்த வார்த்தை உறுத்தியதும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊர் வருவதற்கு முன்பே படியில் போய் நின்றாள்.

கதவைச் சாத்தவில்லை. சொர்ணம் முற்றத்தில் காயப்போட்ட துணியைக் காற்றுக்குப் பயந்து எடுத்துக்கொண்டிருந்தாள், கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பி, கையிலிருந்த போர்வையை அப்படியே கீழே விட்டாள். “ஏளா! புஷ்பமா! ஒத்தையிலயா வந்த? எவன் ஒன்னய விட்டான்? ரூபன் எங்க? வா உள்ள வா, வெயில்ல நிக்காத, மோர் குடிப்பியா, குடிக்கலாமா, நீ ஒண்ணும் சொல்லாத, நான் எடுத்துட்டு வாரேன்.” பேசிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், கம்மலைப் பார்த்தாள், தாடைக்குக் கீழே மட்டும் பார்க்கவில்லை. அவள் புருஷன் தவமணி, மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து, ஒரு முழ தூரத்தில் நின்று கத்தினார். “வாங்க டீச்சர்! நல்லா இருக்கீங்களா! சாப்பாடு! சாப்பிடலாமா!” சாப்பிடலாமா என்றபோது கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். தங்கபுஷ்பம் கருவியை எடுத்தாள். “காது நல்லாக் கேக்கும் அண்ணாச்சி.” அவர் முகம் விழுந்துவிட்டது. அதன் பிறகு ரகசியம் பேசுகிற மாதிரிக் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார், அது இன்னும் மோசமாக இருந்தது. சோறு, நண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. சொர்ணம் பரிமாறிக்கொண்டே பேசினாள். மகள் பிரசவம், மாப்பிள்ளை துபாய், கொல்லாங்கொட்டை இந்த வருஷம் காய்க்கவில்லை, பக்கத்து வீட்டு ஆடு செம்பருத்தியைத் தின்றுவிட்டது. ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் ஒரு ஊசி நுழைய இடமில்லை. முதலில் தங்கபுஷ்பத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அப்படியேதான் இருக்கிறாள் என்று. பிறகு ஒரு தடவை கருவியைத் தாடைக்குக் கொண்டுபோனாள், பொத்தானை அமுக்குவதற்குள் சொர்ணம் கையமர்த்தினாள். “நீ செரமப்படாத. நான் சொல்லுதேன்லா.” இன்னொரு தடவையும் அப்படியே. அப்போதுதான் உறைத்தது. இவள் பேசுவது பேசுவதற்கு இல்லை, கேட்காமல் இருப்பதற்கு. எனக்கு இடம் கொடுத்துவிட்டால் அந்தச் சத்தம் வந்துவிடும் என்று வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். கதவைச் சாத்துவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறதா! நண்டுக் குழம்பு தொண்டையில் நின்றது, தொண்டை என்று ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறதே அதில். தங்கபுஷ்பம் கையைக் கழுவினாள். கருவியை எடுக்காமல், பின்வாசல் பக்கம் கையை நீட்டிக் காட்டினாள். பின்வாசலுக்கு அப்பால் முள்வேலி, அதற்கப்பால் தேரி, செம்மணல் மேடு, வானத்தின் பாதி வரைக்கும்.

“அங்கயா? இந்தக் காத்துலயா?” என்றாள் சொர்ணம். தவமணி குசுகுசுப்பை மறந்து கத்தினார், “வேண்டாம் டீச்சர்! மண்ணடிக்கும்! ஒங்களுக்கு ஆகாது!” தங்கபுஷ்பம் பையிலிருந்து வேறொரு துணியை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பழைய துணிக்கு மேல் கட்டிக்கொண்டாள்.  தனக்கு எது ஆகும் எது ஆகாது என்று சொல்ல இந்த உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். வேலியைத் தாண்டினால் கால் கணுக்கால் வரை புதைந்தது. மணல் மேலே சுட்டது, அடியில் குளிர்ந்தது. கொல்லாமரங்கள் தீர்ந்து, மொட்டை மேடு ஆரம்பித்த இடத்தில் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. முட்டுவலிக்காரி சொர்ணம் ஆச்சரியமாக முன்னால் போய்க்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்காமல், காற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டு. போன மழையில் இந்த மேடு அங்கே இருந்ததாம், இப்போது இங்கே வந்துவிட்டதாம். தங்கபுஷ்பத்துக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஏளா நில்லு என்று சொல்ல வேண்டும். கருவியை எடுத்து அழுத்தினாள். “நில்லு.” கருவியின் சத்தம் ஒரு முழம் போவதற்குள் காற்று அதைத் தின்றுவிட்டது. அதற்கு ஒரே சத்தம்தான், கூட்டினால் அலறும், கூப்பிடாது. மைதானத்தையே நிறுத்திய ஒருத்தி ஒரு முதுகை நிறுத்த முடியாமல் நிற்கிறாள். வேகமாக நடந்தாள். மேட்டின் விளிம்பில் காற்று ஒரு கை மணலை அள்ளி எதிரே வீசியது. ஈரத்துணி விலகியிருக்க வேண்டும். உள்ளே போய்விட்டது.

இருமல் வந்தது. வாயால் வருகிற இருமல் இல்லை, நெஞ்சிலிருந்து நேரே கழுத்தைப் பிய்த்துக்கொண்டு வருகிற இருமல். முழங்கால் மடங்கியது, இரண்டு கையும் மணலில் ஊன்றின, கருவி எங்கோ விழுந்தது. மூச்சை இழுத்தால் இன்னும் மணல் போகும், இழுக்காவிட்டால் மூச்சில்லை. இப்படித்தானா என்று நினைத்தாள். ரூபன் சொன்னது சரியாகிவிடுமா, எதிர்வீட்டுக்காரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ‘சொன்னாக் கேட்டாத்தானே’ என்பாளா, கோயில் பெண்கள் அமைதி அமைதி என்று பாடுவார்களா? மாட்டேன். அவர்கள் சொன்னது சரியாவதற்காக நான் சாக மாட்டேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது, ஓடி வந்து விழுந்தால் பதறாத, தலையைத் தொங்கப்போடு, மூச்சை விடு, முதலில் விடு, பிறகு இழு. தலையைத் தொங்கப்போட்டாள். இரண்டு துணிகளையும் பிய்த்து எடுத்தாள். நெஞ்சின் முழு பலத்தோடு வெளியே தள்ளினாள். சிவப்பாகச் சளியும் மணலும் வந்து விழுந்தன. மறுபடி தள்ளினாள். மறுபடி. முந்தானையைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்தாள். வந்தது. மூச்சு, சுத்தமாக, குளிர்ச்சியாக, உள்ளே போனது. கண்ணில் நீர் வழிய நிமிர்ந்தபோது சொர்ணம் ஓடி வந்துகொண்டிருந்தாள், விழுந்து எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு. வந்தவள் எதிரே உட்கார்ந்ததும் அவள் கண் போன இடத்தில் துணி இல்லை. ஓட்டை, விளிம்பில் மணல் ஒட்டி, சிவந்து, திறந்து மூடுகிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு. சொர்ணம் முகத்தைத் திருப்பினாள். தங்கபுஷ்பம் கையை நீட்டி அந்தத் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். வார்த்தை இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். பாரு. சொர்ணம் பார்த்தாள். கண்ணை மூடித் திறந்து, நன்றாகப் பார்த்தாள். பிறகு தன் சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றி, விளிம்பில் இருந்த மணலைத் துளித்துளியாகத் துடைத்தாள், பச்சைப் பிள்ளையின் கண்ணைத் துடைக்கிற மாதிரி.

“தெரிஞ்சுதான் கட் பண்ணுனேன்” என்றாள் சொர்ணம், துடைத்துக்கொண்டே. “சிக்னல் இல்லன்னதெல்லாம் சும்மா. அந்தச் சத்தத்தக் கேட்டதும் யாரோ ஒன்னயக் கொன்னுட்டு ஒம் பேரச் சொல்லிப் பேசுதான்னு இருந்துச்சு. எடுத்தா நெசமாயிரும்னு எடுக்கல. ஆஸ்பத்திரிக்கும் அதான் வரல. எனக்குப் பயம்ளா.” தங்கபுஷ்பம் மணலைக் கையால் துழாவினாள். கருவி சொர்ணத்தின் முழங்காலுக்கு அடியில் கிடந்தது. சொர்ணம் அதை எடுத்து ஊதி, துடைத்து, நீட்டினாள். ஆனால் வாங்க நீட்டிய கை இருமலில் இன்னும் வெடவெடவென்று ஆடியது, பிடி நிற்கவில்லை. தங்கபுஷ்பம் தாடைக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். இங்கே. “நானா?” என்றாள் சொர்ணம். அவள் அதை ஒரு பாம்பைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டு வந்து வைத்தாள், பொத்தானை அமுக்கினாள். வெறும் ரீங்காரம். இடம் தப்பு. தங்கபுஷ்பம் அவள் விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். “நாய்ப்பொறப்பே” என்றது குரல், தெளிவாக. சொர்ணம் திடுக்கிட்டாள், ஆனால் கையை எடுக்கவில்லை. “நான் செத்தாத்தான் நீ நெசம்னு ஒத்துக்கிடுவியோ. எட்டு மாசம் செவரப் பாத்துக் கெடந்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு ஒம் பேரத்தான் மொதல்ல பழகுனேன். சானாவே வரல, நாக்கக் கடிச்சுக்கிட்டு வரவழச்சேன். ஒனக்குப் பயமோ. எனக்கு இல்லையோ பயம்.” ஏறாமல் இறங்காமல், பஸ் நிலையத்தில் வண்டி எண் சொல்கிற மாதிரி வந்தன வசவுகள், ஒவ்வொன்றாக, ஒன்றையும் முழுங்காமல். சொர்ணத்தின் கன்னத்தில் நீர் இறங்கி மணலோடு சேர்ந்து சிவப்புக் கோடாக ஓடியது. “வையி” என்றாள், “நல்லா வையி.” தேம்பியதில் அவள் கை ஆடியது, கருவி நழுவியது, குரல் நடுவில் அறுந்து வெறும் இரைச்சலாகப் போயிற்று. தங்கபுஷ்பம் அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். தன் கழுத்துக்கே இழுத்து, அதே இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

“கைய எடுக்காத. இன்னும் முடியல.”